எழுதுகோல் யாரை விட்டும் உயர்த்தப்பட்டது?

என் உஸ்தாத் ஒருவரின் மகன் ஒரு நாள் இஷாவுக்குப் பின் ஹவுள் ஓரத்தில் என்னை நிறுத்தி ஒரு மஸ்அலா கேட்டார்.

"ஹஜ்ரத், அத்தாவுக்கு நினைவு தப்பி இரண்டு வருஷமாகுது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ஒளுச் செய்துவிட்டு, பாங்கு சொல்லப் போகிறேன் என்று தெருவில் இறங்கிவிடுகிறார். ஒரு தடவை பஸ் நிலையத்தில் போய்க் கண்டுபிடித்தோம். பட்டணத்தில் இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்க்கிற இல்லம் ஒன்று இருக்கிறதாம். துபாயில் இருக்கிற தம்பி பணம் அனுப்புகிறேன் என்கிறான். சேர்த்தால் பாவமாகுமா?"

நான் யோசிக்கவில்லை. பெற்றோர் முதுமையை அடைந்தால் அவர்களை நோக்கிச் 'சீ' என்று சொல்லவும் கூடாது என்ற பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23ஆம் வசனத்தை எடுத்துரைத்தேன். அதில் 'உன்னிடத்தில்' என்று ஒரு சொல் வருகிறதே, அதன் பொருள் உன் வீட்டில் என்பதுதான் என்றும் விளக்கினேன். "வீட்டிலேயே வைத்துப் பாருங்கள். சுவர்க்கம் வீடு தேடி வந்திருக்கும்போது வெளியே அனுப்பாதீர்கள்" என்றேன். அவர் தலை குனிந்து ஸலாம் கூறிச் சென்றார். நல்ல பதில் சொல்லிவிட்டோம் என்ற திருப்தியுடன் நானும் வீடு திரும்பினேன்.

எட்டு மாதங்கள் கழித்து உஸ்தாதைப் பார்க்கப் போனேன். அஸர் நேரம். அவருடைய அறையின் கதவு வெளியே பூட்டப்பட்டிருந்தது. உள்ளிருந்து அவர் குரல் கேட்டது: "பாங்கு சொல்லியாச்சு. ஜமாஅத்து தப்பிப் போகுது. யாராவது கதவைத் திறங்க." மருமகள் சாவியுடன் ஓடி வந்தார். அவர் கல் நெஞ்சக்காரர் அல்லர். மாமனாரைக் குளிப்பாட்டியும் தூக்கியும் இடுப்பு ஒடிந்து போனவர். அடுப்பிருக்கிறது, தெருவில் லாரி போகிறது, வீட்டில் வேறு ஆள் இல்லை என்று அழுதுகொண்டே சொன்னார். உஸ்தாதின் இரு மணிக்கட்டுகளிலும் சிவந்த தடம் இருந்தது. பின்னால் வந்த மகன் தாழ்ந்த குரலில், "ராத்திரி மட்டும்தான் கட்டிலில் கட்டுகிறோம் ஹஜ்ரத். மெத்தென்ற துணியால்தான் கட்டுகிறோம்" என்றார்.

வாசகர்களே! அந்த வீட்டில் அன்புக்குக் குறைவில்லை. நான் சொன்ன தீர்ப்புக்கும் அவர்கள் மாறு செய்யவில்லை. அப்படியிருந்தும் எனக்கு உஸூல் கற்றுத் தந்த மனிதர் பூட்டிய அறையில் கைதியாக இருந்தார். குற்றத்தில் பெரும்பங்கு என்னுடையது. அவர் எங்கே இருக்க வேண்டும் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

இது என்ன நோய்?

வயதானால் மறதி வருவது இயல்பு என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது முதுமையின் இயல்புதான். சாவி எதற்குரியது என்பதே தெரியாமற் போவது நோய். ஜெர்மன் மருத்துவர் அலோயிஸ் அல்ஸைமர் 1906ஆம் ஆண்டில் ஒரு பெண்மணியின் மூளையை ஆராய்ந்து, அதில் கண்ட சிதைவுகளை மருத்துவர்கள் சபையில் எடுத்துரைத்தார். அவர் பெயராலேயே இந்நோயின் பெரும்பான்மையான வகை இன்று அழைக்கப்படுகிறது. மூளையின் இரத்த நாளங்கள் அடைபடுவதாலும் வேறு சில காரணங்களாலும் வரும் வகைகளும் உண்டு. இவை அனைத்துக்கும் பொதுப்பெயர் டிமென்ஷியா. தமிழில் முதுமை மறதி நோய் என்கிறார்கள். 2023இல் வெளியான ஓர் ஆய்வு, 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு இந்நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. இதை முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆகவே இந்நோயாளிகளுக்கு நாம் தரக்கூடியவற்றுள் தலையாயது பராமரிப்புத்தான்.

திருக்குர்ஆன் இந்நிலையை அறியும். அந்நஹ்ல் 70ஆம் வசனமும் அல்ஹஜ் 5ஆம் வசனமும், எல்லாம் அறிந்திருந்த பின் ஒன்றுமே அறியாதவராகும் அளவுக்குத் தளர்ந்த வயதுக்குத் தள்ளப்படுவோரைப் பற்றிப் பேசுகின்றன. அந்த வயதை விட்டும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடினார்கள் என்பது ஸஹீஹான ஹதீஸ்களில் வந்துள்ளது. அந்நிலை யாருக்கும் வரலாம். ஆலிமுக்கும் வரலாம், ஹாஃபிழுக்கும் வரலாம். அதில் இழிவு ஒன்றுமில்லை.

மறந்துபோகிறவருக்குச் செய்யும் அநீதி

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. யாரும் வாய் திறந்து கேட்பதில்லை. ஆனால் பலருடைய நடத்தையில் அது ஒளிந்திருக்கிறது. 'அவருக்குத்தான் ஒன்றும் தெரியவில்லையே! திட்டினாலும் ஐந்து நிமிஷத்தில் மறந்துவிடுவார். கட்டி வைத்தாலும் காலையில் நினைவிருக்காது. நினைவில் நிற்காத துன்பம் துன்பமாகுமா?'

இதற்கான விடையை என் உஸ்தாதே எனக்குப் பாடமாக நடத்தியிருக்கிறார். உஸூலுஷ் ஷாஷி ஓதியவர்கள் அறிவார்கள். பெற்றோரை நோக்கிச் 'சீ' எனக் கூறுவது தடுக்கப்பட்டிருப்பதிலிருந்து, அவர்களை அடிப்பதும் ஏசுவதும் அதைவிடக் கடுமையாகத் தடுக்கப்பட்டவை என்று இமாம்கள் சட்டம் எடுக்கிறார்கள். தடையின் காரணம் அந்தச் சொல்லின் ஓசையன்று. அதனால் உண்டாகும் நோவினை. காழீ அபூ ஸைத் அத்தபூஸீ அவர்கள் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார்கள். ஒரு கூட்டத்தார் தங்கள் வழக்கத்தில் அச்சொல்லையே மரியாதையாகக் கருதுவார்களானால், அவர்கள் அதைப் பெற்றோரிடம் சொல்வது ஹராமாகாது என்கிறார்கள்.

இதைச் சற்று ஆழ்ந்து சிந்தியுங்கள். நோவினைதான் அளவுகோல் என்றால், நாம் செய்வதற்கு என்ன பெயர் வைக்கிறோம் என்பது பொருட்டல்ல. 'வீடு' என்ற பெயரால் நோவினை அடைவாரானால் அது ஹராம்தான். 'பாதுகாப்பு' என்ற பெயரால் கட்டிப் போட்டாலும் கட்டு கட்டுத்தான். துணி மெத்தென்று இருந்தாலும் மணிக்கட்டு சிவக்கத்தான் செய்கிறது.

நினைவு போனால் நோவினையும் போய்விடுமா? போவதில்லை. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அல்ஸைமர் நோயாளிகளுக்குத் துக்கமான படக்காட்சிகளைக் காட்டினார்கள். சற்று நேரத்தில் என்ன பார்த்தோம் என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள். துக்கம் மட்டும் மறையாமல் நின்றது. மகிழ்ச்சியான காட்சிகளிலும் அப்படியே. காரணம் மறந்து போகிறது, கலக்கம் மிஞ்சுகிறது. அதட்டியவர் யார் என்று அந்தப் பெரியவருக்குத் தெரியாது. ஆனால் ஏனென்று தெரியாத ஓர் அச்சம் நெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும். நமக்காவது காரணம் தெரிந்தால் மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். அவருக்கு அந்த ஆறுதலும் கிடையாது.

உறங்குபவர், சிறுவர், புத்தி நீங்கியவர் ஆகிய மூவரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்ற கருத்தில் வந்துள்ள நபிமொழியை நாம் அடிக்கடி கூறுகிறோம். அவர் லுஹரை மூன்று முறை தொழுதாலும், தொழாமலே இருந்தாலும், நோன்பு நாளில் தண்ணீர் குடித்தாலும் கேள்வியில்லை. ஆகவே அதற்காக அவரை அதட்டுவதற்கு யாருக்கும் உரிமையில்லை. ஆனால் எழுதுகோல் உயர்த்தப்பட்டது அவரை விட்டும்தான். நம்மை விட்டும் அல்ல. அவர் மறந்து போகும் ஒவ்வோர் அதட்டலும் நம்முடைய ஏட்டில் எழுதப்பட்டே வருகிறது.

அன்பு மட்டும் போதுமா?

தமிழ்நாட்டு முஸ்லிம்கள் மறக்கக்கூடாத ஒரு தேதி உண்டு: 2001 ஆகஸ்ட் 6. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி தர்காவின் அருகே தனியார் நடத்திய மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் அன்று அதிகாலை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து இதை வழக்காக எடுத்துக்கொண்டது. இத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன.

அவர்கள் முதுமை மறதி நோயாளிகள் அல்லர். வேறு மனநோய் கொண்டவர்கள். ஆனால் தம் வழக்கைத் தாமே எடுத்துச் சொல்ல முடியாதவர்கள் என்பதில் இரு சாராரும் ஒன்றே. அவர்களை அங்கே கொண்டு வந்து விட்டவர்களில் எத்தனையோ பேர் தாயும் தந்தையும் உடன் பிறந்தாரும். எப்படியாவது குணமாகிவிடாதா என்று ஏங்கி வந்தவர்கள். அன்பிருந்தது, நம்பிக்கையிருந்தது, துஆவும் இருந்தது. இல்லாமற் போனவை வேறு. ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், இரவில் யார் விழித்திருக்க வேண்டும், தீப்பிடித்தால் எந்த வழியே வெளியேறுவது, சங்கிலி போட உனக்கு யார் அனுமதி தந்தது என்று கேட்பதற்கு ஒரு விதியுமில்லை, ஒரு கண்ணுமில்லை.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்தது. அச்சட்டம் மனநோய்க்குத் தரும் இலக்கணத்தில் நினைவாற்றலின் கடுமையான சீர்கேடும் அடங்கியுள்ளது. மனநல நிலையங்களில் ஒருவரைக் கட்டி நிறுத்துவதென்றால், உடனடியாக நேரவிருக்கும் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாத வேளையில், மனநல மருத்துவரின் அனுமதியோடு மட்டுமே செய்யலாம். தண்டனையாகவோ, ஆள் பற்றாக்குறைக்காகவோ செய்யலாகாது. பின்னாளில் அதே ஏர்வாடியில் அரசு மருத்துவர்கள் அமர்ந்து, துஆவுடன் மருந்தும் கிடைக்க ஏற்பாடாயிற்று. 28 ஜனாஸாக்களுக்குப் பின் வந்த நல்லறிவு இது.

உலகம் கற்ற பாடம்

'இதெல்லாம் ஏழை நாட்டின் கதை. பணக்கார நாடுகளில் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள்' என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் முதியோர் இல்லங்களில் கட்டிலோடும் நாற்காலியோடும் முதியவர்களைப் பிணைத்து வைப்பது நெடுங்காலம் சாதாரண வழக்கமாக இருந்தது. விழுந்துவிடாமல் காப்பதற்காக என்று சொன்னார்கள். ஆராய்ந்து பார்த்தபோது கட்டுவதால் காயங்கள் குறையவில்லை. தசைகள் வற்றின, படுக்கைப் புண் வந்தது, கட்டிலிருந்து விடுபட முயன்று கழுத்து இறுகி இறந்தவர்களும் உண்டு. 1987இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. சிகிச்சைக்குத் தேவையில்லாமல், ஒழுங்குபடுத்துவதற்காகவோ பணியாளரின் வசதிக்காகவோ, கயிற்றாலும் கட்டக்கூடாது, மருந்தாலும் கட்டக்கூடாது என்று அது கூறியது.

மருந்தால் கட்டுவது என்பதையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். வேறு மனநோய்களுக்கென்று உள்ள சில மாத்திரைகளை மறதி நோயாளிக்குக் கொடுத்தால் அவர் அலைய மாட்டார், கத்த மாட்டார். ஒரு மூலையில் கிடப்பார். அவை மறதி நோயுள்ள முதியவர்களிடம் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2005இல் எச்சரித்தது. 2009இல் இங்கிலாந்து அரசுக்கு அளிக்கப்பட்ட ஓர் அறிக்கை, அந்நாட்டில் ஆண்டுதோறும் சுமார் 1,80,000 மறதி நோயாளிகளுக்கு இம்மருந்துகள் தரப்படுவதாகவும், அதனால் ஆண்டுக்கு 1,800 மரணங்கள் கூடுதலாக நேருவதாகவும் மதிப்பிட்டது. கொடுத்தவர்கள் கொலைகாரர்கள் அல்லர். வெள்ளை உடை உடுத்திய நல்ல மனிதர்கள். மாத்திரை வேளைக்கு வந்தது, அறை அமைதியாயிற்று, யாரும் ஏனென்று கேட்கவில்லை.

மறதி நோயாளி கத்துகிறார் என்றால் முதலில் அவருக்கு எங்கே வலிக்கிறது என்று பார்க்க வேண்டும். சிறுநீர்த் தாரையில் கிருமித் தொற்று இருக்கலாம். மலச்சிக்கல் இருக்கலாம். பல் வலிக்கலாம். தாகமாக இருக்கலாம். வாயால் சொல்லத் தெரியாததால் உடம்பால் சொல்கிறார். இதைப் பார்த்துவிட்டுத்தான் மாத்திரையைத் தொட வேண்டும் என்பது இன்று நல்ல நிலையங்களில் எழுதி வைக்கப்பட்ட விதி. யாரோ இறந்த பிறகுதான் அந்த விதியும் எழுதப்பட்டது.

எழுதி வைப்பது சந்தேகமாகுமா?

'நம் பிள்ளைகளும் நம் பணியாளர்களும் அல்லாஹ்வுக்குப் பயந்தவர்கள். அவர்களுக்கு விதியும் பதிவேடும் சோதனையும் வைப்பது அவமானமல்லவா?' என்று சிலர் கேட்பார்கள்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது? அல்பகராவின் 282ஆம் வசனம். அது எதைப் பற்றியது? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. திருடர்களை நோக்கியல்ல, ஈமான் கொண்டவர்களை நோக்கித்தான் அந்தக் கட்டளை பேசுகிறது. எழுதுவதால் ஈமானுக்குக் குறை வந்துவிடுவதில்லை. அந்த வசனத்தின் நடுவிலேயே, கடன் பட்டவர் அறிவு குறைந்தவராகவோ பலவீனராகவோ தாமே சொல்லி எழுதச் செய்ய இயலாதவராகவோ இருந்தால், அவருடைய வலீ நீதியோடு சொல்லட்டும் என்று வருகிறது. எழுதும் கட்டளையின் நடுவே, பேச இயலாதவரை அல்லாஹ் தனியே நினைவுகூர்கிறான். ஏனென்றால் எழுத்து மற்றெல்லாரையும்விட அவருக்குத்தான் தேவை. நமக்கு அநீதி நேர்ந்தால் நாமே சாட்சி சொல்வோம். சாட்சியத்திற்கு நினைவு வேண்டுமே! தம் சொந்த வழக்கிலேயே சாட்சி சொல்லும் தகுதியை இழந்தவர் அவர். பதிவேடுதான் அவருக்குச் சாட்சி.

அந்நிஸா 5ஆம் வசனத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். புத்தி முதிராதவரிடம் செல்வத்தை ஒப்படைக்கத் தடை சொல்லும் அந்த வசனம் அத்தோடு நின்றுவிடவில்லை. அச்செல்வத்திலிருந்து அவருக்கு உணவளிக்கவும் உடுத்தவும் நல்ல வார்த்தை பேசவும் கட்டளையிடுகிறது. உணவு, உடை, பேச்சு! மறதி நோயாளிகளின் பராமரிப்புக்கும் இதைவிடச் சுருக்கமான அடிப்படை விதி எங்கே இருக்கிறது? நடைமுறையில் நாம் முதல் பகுதியை மட்டும் வேகமாக நிறைவேற்றுகிறோம். பெரியவரின் நினைவு தடுமாறியதும் பத்திரத்தில் பெருவிரல் ரேகை வாங்க விரைகிறோம். புரிந்துகொள்ளும் நிலையில் இல்லாதவர் செய்யும் விற்பனையும் ஹிபாவும் ஷரீஅத்தில் செல்லாது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படியும் அத்தகையவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர்.

சோதனை என்பதும் நமக்குப் புதிதல்ல. இஸ்லாமிய நகரங்களில் முஹ்தஸிப் என்ற அதிகாரி இருந்தார். ரொட்டிக்காரரின் தராசை மட்டுமல்ல, மருத்துவரையும் அவர் விசாரித்தார். 12ஆம் நூற்றாண்டில் ஷாம் நாட்டு ஷைஸரீ அவர்கள் முஹ்தஸிப்களுக்கென எழுதிய கைநூலில் மருத்துவர்களுக்கும் எலும்பு கட்டுவோருக்கும் தனிப் பகுதியே உண்டு. கெய்ரோவில் சுல்தான் மன்ஸூர் கலாவூன் 1284இல் எழுப்பத் தொடங்கிய மாரிஸ்தானில் புத்தி பேதலித்தவர்களுக்கும் தனி இடம் இருந்தது. அதை அவர் பணியாளரின் இரக்கத்தை மட்டும் நம்பி விட்டுவிடவில்லை. வக்ஃப் பத்திரம் எழுதி, நிர்வாகிகளை நியமித்து வைத்தார். இரக்கம் ஒரு நாள் களைத்துப் போகும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். பத்திரம் களைப்பதில்லை.

எந்த அளவுகோல்?

ஆகவே 'வீட்டில் வைப்பதா, இல்லத்தில் சேர்ப்பதா' என்று என்னிடம் மீண்டும் யாரேனும் கேட்டால், இன்று நான் பதில் சொல்வதற்கு முன் சில கேள்விகளைக் கேட்பேன். அவை இல்லத்திற்கும் பொருந்தும், வீட்டிற்கும் பொருந்தும்.

அவரைப் பூட்டுகிறீர்களா, கட்டுகிறீர்களா? மாத்திரை கொடுத்து மடக்குகிறீர்களா? எந்த மாத்திரை, எதற்காக, எத்தனை நாளுக்கு என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறாரா?

வேளைக்குச் சாப்பாடும் தண்ணீரும் வைத்துவிட்டுப் போகிறீர்களா, அவர் உண்டு முடிக்கும் வரை இருக்கிறீர்களா? எடை குறைகிறதா என்று பார்க்கிறீர்களா?

குளிப்பாட்டுவதும் இஸ்தின்ஜா செய்விப்பதும் யார்? ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணும் இருக்கிறார்களா? நினைவு போனாலும் வெட்கம் போவதில்லை. எத்தனையோ பெரியவர்கள் குளிக்கும் நேரத்தில் அடிக்க வருவது, யாரோ தம் ஆடையைப் பறிக்கிறார்கள் என்று எண்ணுவதால்தான்.

அவர் யார் என்று பராமரிப்பவருக்குத் தெரியுமா? என்ன பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவார், எந்தத் தொழில் செய்தார், எதற்குப் பயப்படுவார், எது கேட்டால் அமைதியடைவார் என்று எழுதி வைத்திருக்கிறார்களா? அண்மையில் பதிந்த நினைவுகள் முதலில் அழிகின்றன. இளமையில் பதிந்தவை நெடுநாள் நிற்கின்றன. மகனின் பெயரை மறந்தவர் யாஸீனைத் தட்டில்லாமல் ஓதுவார்.

உடம்பில் ஒரு காயம் கண்டால் அது எப்படி வந்தது என்று அன்றே பதிவாகிறதா? சொல்லாமல் திடீரென்று வந்து பார்க்கும் ஒருவர் இருக்கிறாரா?

பராமரிப்பவருக்கு யாராவது கற்றுக் கொடுத்தார்களா? அவருக்குத் தூங்க நேரம் கிடைக்கிறதா? தூங்காத மருமகளிடம் ஸப்ரை எதிர்பார்ப்பதும் ஓர் அநீதிதான்.

இக்கேள்விகளுக்கு வீட்டில் விடை கிடைத்தால் வீடே சிறந்தது; அதில் எனக்கு ஐயமில்லை. வீட்டில் கிடைக்காமல் ஓர் இல்லத்தில் கிடைக்குமானால், 'ஊர் என்ன சொல்லும்' என்பதற்காக அவரைப் பூட்டிய அறையில் வைத்திருப்பதற்குப் பிர்ருல் வாலிதைன் என்று பெயர் சூட்டக் கூடாது. அது நம் மானத்தைக் காப்பதற்காக அவருடைய மானத்தை விற்பதாகும். அதே சமயம், இல்லத்தில் சேர்த்துப் பணம் கட்டியதோடு கடமை முடிந்தது என்று எண்ணுவதும் தவறு. அமானத்தை மற்றொருவர் கையில் கொடுத்தாலும் கேள்வி கணக்கு நம்மிடம்தான். 'உன்னிடத்தில்' என்ற சொல்லை நான் வீட்டின் சுவர்களுக்குள் அடக்கிவிட்டேன். உன் பொறுப்பில், உன் கண்காணிப்பில் என்ற பொருளும் அதில் இருப்பதை, உஸ்தாதின் மணிக்கட்டைப் பார்த்த பிறகுதான் உணர்ந்தேன்.

2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகள் மீது கடமை விதிக்கிறது. முதியோர் இல்லங்களின் தரத்தையும் சேவைகளையும் வகுக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கு அளிக்கிறது. சட்டம் தாளில் இருக்கிறது. இல்லத்தின் வாசலில் போய் அதைக் கேட்பவர் யார்? மஹல்லா ஜமாஅத்துகள் கேட்கலாமே! சந்தாவுக்கு ஏடு இருக்கிறது, நிகாஹுக்கு ஏடு இருக்கிறது. நம் மஹல்லாவில் நினைவு தப்பிய முதியவர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பதற்கு ஏடு இருக்கிறதா? அந்த வீட்டாருக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு தர இரண்டு பேரை அனுப்ப நம்மால் முடியாதா?

கதவு திறந்தது

அன்று உஸ்தாதின் அருகில் உட்கார்ந்தேன். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. என்ன பேசுவதென்று அறியாமல், அவர் கற்றுத் தந்த அதே 'சீ' வசனத்தை மெதுவாக ஓதினேன். ஓரிடத்தில் மத்தை நீட்டாமல் விட்டுவிட்டேன் போலும். கை உயர்த்தி நிறுத்தினார். "நீட்டி ஓதுங்க தம்பி" என்றார். திருத்தி ஓதினேன். தலையசைத்தார்.

மறுநாள் மகனிடம் என் தீர்ப்பை வாபஸ் பெற்றேன்; மன்னிப்பும் கேட்டேன். பிறகு கூடிப் பேசினோம். மருத்துவர் பார்த்ததில் சிறுநீர்த் தொற்று இருந்தது; அது தீர்ந்ததும் இரவு அலைச்சல் பாதியாகக் குறைந்தது. துபாய்த் தம்பி அனுப்பும் பணத்தில், பயிற்சி பெற்ற ஓர் ஆண் பணியாளர் இரவில் வருகிறார். கதவில் பூட்டுக்குப் பதில் ஒரு மணி கட்டியிருக்கிறோம். இரண்டு மணிக்கு அவர் எழுந்தால், பணியாளர் அவருக்கு ஒளுவுக்குத் தண்ணீர் ஊற்றி, கைபிடித்து முற்றத்தில் நடக்க வைத்து, மீண்டும் படுக்க வைக்கிறார். அஸருக்குப் பின் பழைய மாணவர்கள் முறை வைத்து வந்து உட்காருகிறோம். மருமகள் அப்போது தூங்குகிறார். ஒரு நோட்டுப் புத்தகம் அலமாரியில் இருக்கிறது. என்ன உண்டார், எவ்வளவு தூங்கினார், எந்த மருந்து, எங்கே காயம் என்று வந்தவர் எழுதிக் கையெழுத்திடுகிறோம்.

நோய் குணமாகவில்லை. குணமாகாது என்றே மருத்துவர் சொல்கிறார். இந்த ஏற்பாடு ஒரு நாள் போதாமற் போகலாம். அப்போது நல்ல இல்லம் ஒன்றைத் தேடுவோம். அந்த நோட்டுப் புத்தகத்தோடுதான் போவோம். சொல்லாமல் திடீரென்று போய்ப் பார்த்து வருவோம், இன்ஷா அல்லாஹ்.

நாயகம் (ஸல்) அவர்கள் பாதுகாப்புத் தேடிய அந்த வயதை விட்டும் அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக. அவனுடைய நாட்டப்படி அது நமக்கு வந்தே தீருமானால், கதவைத் திறக்கச் சொல்லி நாம் அழைக்கும்போது திறக்கும் கைகளை நமக்குத் தந்தருள்வானாக. இன்று அழைத்துக்கொண்டிருப்பவர்களுக்குக் கதவைத் திறக்கும் கைகளாக நம்மை ஆக்குவானாக. ஆமீன்.